ஒன்பது வருஷ மாத்திரை

எங்கள் சலவைக்கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கறையக்கா என்றால்தான் தெரியும். முந்நூறு அறைகள் உள்ள ஒரு ஹோட்டலின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத நீளமான கூடம் அது. பதினேழு பேர் வேலை பார்த்தோம். மேல் மாடிகளிலிருந்து ஒரு பெரிய தகரக் குழாய் வழியாக அழுக்குத் துணி பொத்துப் பொத்தென்று விழுந்துகொண்டே இருக்கும். மேலே இருப்பவர்கள் வாழ்கிற வாழ்வெல்லாம் கடைசியில் எங்களிடம்தான் வந்து சேரும். யார் குடித்தார்கள், யார் சண்டை போட்டார்கள், யாருடைய குழந்தை வாந்தி எடுத்தது என்று விரிப்பைப் பார்த்தே சொல்லிவிடுவோம்.

துணி பிரிக்கிறவர்கள் கறை உள்ளதை மட்டும் எடுத்து அவளுடைய மேஜைக்குத் தள்ளுவார்கள். வைன், உதட்டுச்சாயம், பேனா மை, துரு, காப்பி, ரத்தம் என்று எது வந்தாலும் ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு வைத்தியம் உண்டு. விளக்கைக் கீழே இழுத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, துணியை முகர்ந்துகூடப் பார்ப்பாள். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் பாடம் ரத்தம்தான்.

“சுடுதண்ணி பக்கமே போகக்கூடாது. சூடு பட்டா ரத்தம் நூலோட ஒட்டிக்கும், அப்புறம் யார் வந்தாலும் போகாது. பச்சத்தண்ணி ஊத்தி, கொஞ்சம் உப்பு போட்டு, பொறுமையா கசக்கணும். அவசரப்பட்டா அது உன்னைக் காட்டிக் குடுத்துடும்” என்பாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் கறைமேஜையில் வேலை குறைந்துவிடும். அப்போது என்னோடு விரிப்பு தேய்க்கும் ரோலருக்கு வருவாள். ஈரவிரிப்பு ஒரு பக்கம் போய் மறுபக்கம் மொடமொடவென்று சூடாக வெளியே வரும். இரட்டைக் கட்டில் விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று முனையைப் பிடித்து உதற வேண்டும், பாதி மடிக்க வேண்டும், கிட்டே வந்து கொடுக்க வேண்டும், விலக வேண்டும். பதினொரு வருஷம் நானும் அவளும் அப்படிக் கிட்டே வந்து விலகிக்கொண்டிருந்தோம். ஒரு நாளைக்கு முந்நூறு தடவையாவது அவள் முகத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்திருப்பேன். என் புருஷன் முகத்தைக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை, அவரும் பார்க்கச் சொல்லிக் கேட்டதில்லை.

அவளுடைய வீட்டுக்காரர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்கடையில் சாவி செய்கிறார். அக்காவின் கணவர் என்பதால் எனக்கு மாமா. பயந்த மனுஷர். ஊர் முழுக்கப் பூட்டுப் போட்டுக் கொடுக்கிறவர், தன் வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பார். தெரு முனை வரை போய்த் திரும்பி வந்து நாலாவது தரமும் இழுப்பார். மழை பெய்தால் பாப்பா குடை எடுத்துப் போனாளா என்று கேட்பார். பாப்பா அவர்களுடைய ஒரே மகள், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள், வயது இருபத்தாறு. ஆனாலும் அந்த வீட்டில் அவள் பாப்பாதான்.

அப்படிப்பட்டவர் வீட்டில்தான் பதினாலு வருஷத்துக்கு முன்பு அக்காவுக்கு இடது மார்பில் கட்டி வந்தது. அவளுக்கு அப்போது நாற்பத்தாறு. அறுத்து எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், கதிர்ச் சிகிச்சை என்று கரண்ட் வைத்தார்கள். முடி கொட்டி முளைத்தது. மாதவிலக்கு அந்த மருந்தோடு நின்றுபோனது. எட்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை திரும்பி வந்து, கறைமேஜையில் வேறு ஒருத்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, “எந்திரி” என்று மட்டும் சொன்னாள். எங்களுக்கு அன்றைக்கு வயிறு நிறைந்தது.

அதற்கப்புறம் தினமும் ஒரு மாத்திரை. சாயங்காலம் ஏழு மணிக்கு மாமாவே தண்ணீர் டம்ளரோடு கொண்டுவந்து நீட்டுவார், அவள் விழுங்குகிற வரை எதிரில் நிற்பார். அந்த மாத்திரை அவள் உடம்பில் நெருப்பை மூட்டிவிடும். ரோலர் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே திடீரென்று முகமெல்லாம் சிவந்து கழுத்து வழியாக வியர்வை ஓடும். ஈரத்துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு மடிப்பாள்.

“இந்த வேக்காடு என்னைக்குடி தீரும்?” என்று கேட்பாள்.

“மாமாகிட்ட கேளு. அவர்தானே உனக்கு மாத்திரை மாஸ்டர்.”

“கேட்டேன். டாக்டர் இன்னும் சாப்பிடச் சொல்றாராம்” என்பாள்.

மாத்திரைக்கு ஒன்பதாவது வருஷம் நடந்தபோது, வெயில் தொடங்கிய மாதத்தில் ஒரு நாள், நான் கறைமேஜைத் தொட்டிக்குக் கை கழுவப் போனேன். அவள் தன்னுடைய சீருடைக் கால்சட்டையைத் தண்ணீரில் போட்டுக் கசக்கிக்கொண்டிருந்தாள். இடுப்பில் ஹோட்டல் துவாலையைச் சுற்றியிருந்தாள். தண்ணீர் லேசாகச் சிவந்திருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “என்னக்கா, திரும்பவும் வயசுக்கு வந்துட்டியா? சொல்லியிருந்தா மேனேஜர்கிட்ட லீவு வாங்கித் தந்திருப்பேனே.”

“வாயை மூடுடி. உடம்புச் சூடு. இந்த ரோலர் பக்கத்துல நின்னா இரும்புக்கே ரத்தம் வரும்.”

“மாமாகிட்ட சொன்னியா?”

“எதுக்கு? நான் தும்மினாலே அந்த மனுஷன் தூங்கமாட்டாரு. இதைச் சொன்னா கடையை மூடிட்டு வந்து என் எதிர்ல உக்காந்துக்குவாரு. நீயும் சொல்லாதே. என்மேல சத்தியம் பண்ணு.”

பண்ணினேன். அந்தச் சத்தியத்தைவிட அந்தச் சிரிப்புக்காகத்தான் என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஐம்பத்தைந்து வயதில், எட்டு வருஷத்துக்கு முன்னால் நின்றுபோன ரத்தம் எதற்காகத் திரும்ப வரும் என்று யோசிக்கிற அளவுக்கு எனக்கு மூளை இருந்தது. யோசிக்கவில்லை, கேலி பண்ணினேன். அவளும் சிரித்தாள்.

அதன்பின் மாதத்துக்கு இரண்டு தடவை, அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை. வேறு யாராக இருந்தாலும் வீட்டில் தெரிந்திருக்கும். போர்வையில், நாற்காலியில், குளியலறை மூலையில் எங்கேயாவது ஒரு பொட்டு நின்றிருக்கும். ஆனால் இவள் கறையக்கா. பிறத்தியார் ரத்தத்தை இருபது வருஷம் சுவடில்லாமல் எடுத்த கைக்குத் தன் ரத்தத்தை எடுப்பது பெரிய வேலையா? காலையில் மாமா எழுந்திருப்பதற்குள் பச்சைத் தண்ணீரில் எல்லாம் முடிந்திருக்கும். ஒரே படுக்கையில் படுக்கிற மனுஷருக்கு எட்டு மாதம் ஒரு துளி தெரியவில்லை.

மழை ஆரம்பித்ததும் கூடத்தில் ஈரம் ஏறியது. உலர்த்தும் மெஷின்கள் பகல் முழுக்க ஓடியும் துணி காயவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, விரிப்பைப் பாதி மடித்துக்கொண்டு என் கிட்டே வந்தவள் முனையை என் கையில் கொடுக்காமல் அப்படியே என்மேல் சாய்ந்தாள். உதடெல்லாம் வெளுத்திருந்தது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன்.

“நாளைக்கு ஆஸ்பத்திரி. நீ வரலைன்னா நான் மாமாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடுவேன்” என்றேன்.

“வரேன். ஆனா எட்டு மாசம்னு சொல்லமாட்டேன்.”

மாமாவும் வந்தார். தலைசுற்றல் என்று மட்டும்தான் அவரிடம் சொல்லியிருந்தாள். பெரிய கண்ணாடி போட்ட டாக்டரம்மா ஒருத்தி, அவசரப்படாதவள். எத்தனை நாளாக ரத்தம் படுகிறது என்று கேட்டதும் மாமா திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

“ரெண்டு மாசமா இருக்கும்” என்றாள் அக்கா.

நான் தொண்டையைச் செருமினேன். மேஜைக்கு அடியில் அவள் என் காலை அழுத்தி மிதித்தாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையிலிருந்து சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து மூன்று பேரும் மறுபடி அதே நாற்காலிகளில் உட்கார்ந்தோம். கர்ப்பப்பையில் புற்றுநோய், ஆபரேஷன் செய்ய வேண்டும், சர்க்கரை அதிகமாக இருப்பதால் அதை முதலில் இறக்க வேண்டும் என்றாள் டாக்டரம்மா.

“பழசு திரும்பி வந்துடுச்சா?” என்று மாமா கேட்டார்.

“இல்லைங்க. பழசு வேற, இது வேற. அது பரவி இங்க வரலை. இது புதுசா, தனியா முளைச்சது.”

“ஒரு ஆளுக்கு ரெண்டா?”

“வர்றதுண்டு. ஒண்ணு வந்து பிழைச்சவங்களுக்கு இன்னொண்ணு வர வாய்ப்பு மத்தவங்களைவிடக் கொஞ்சம் கூடுதல்தான்.”

“ஒரு தடவை வந்துட்டா நம்ம பங்கு முடிஞ்சுதுன்னு நெனச்சேன் டாக்டர். வரிசையில மறுபடியும் என்னையே முன்னாடி நிறுத்திட்டாங்க போல” என்றாள் அக்கா. அவள் மட்டும்தான் சிரித்தாள்.

டாக்டரம்மா ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். வயது, எடை, சர்க்கரை எத்தனை வருஷமாக, அம்மா எதில் இறந்தாள். வயிற்றில் கட்டி என்று சொன்னார்கள், என்ன கட்டி என்று யாருக்கும் தெரியாது என்றாள் அக்கா.

“மார்பு ஆபரேஷனுக்கு அப்புறம் தினமும் ஒரு மாத்திரை குடுத்திருப்பாங்க. எத்தனை வருஷம் சாப்பிட்டீங்க?”

“அஞ்சு வருஷம்” என்று மாமா முந்திக்கொண்டார்.

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். “இவருக்குப் பதட்டத்துல ஒண்ணும் ஞாபகம் வரலை. ஒன்பது வருஷம் டாக்டர். நேத்து சாயங்காலம்கூடச் சாப்பிட்டேன்.”

பேனா நின்றது. “ஒன்பதா? தொடர்ந்து சாப்பிடச் சொன்னது யாரு?”

“முன்ன பார்த்த டாக்டர்தான். இவர்தான் கேட்டுட்டு வந்து சொன்னாரு.”

“ஆமா” என்றார் மாமா, தரையைப் பார்த்து.

“சிலருக்குப் பத்து வருஷம்கூடக் குடுக்கிறதுண்டு. ஆனா அந்த மாத்திரை மார்பைக் காக்கும், கர்ப்பப்பையில கொஞ்சம் வேலை காட்டும். அதனால கவனிச்சுக்கிட்டே இருக்கணும். ஒரு துளி ரத்தம் பட்டாலும் உடனே வரணும்னு சொல்லியிருப்பாங்களே?”

மூன்று பேருக்கும் பேசாமல் இருக்கத் தனித்தனிக் காரணம் இருந்தது. வெளியே நடைவழியில் யாரோ ஒரு தள்ளுவண்டியைக் கடகடவென்று இழுத்துப் போனார்கள். இன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, டாக்டரம்மா கடைசியாக ஒன்று கேட்டாள்.

“பொண்ணு இருக்கா?”

“ஒரே பொண்ணு.”

“ரெண்டு இடத்துல வந்திருக்கு. முதல் தடவை சின்ன வயசுலயே வந்திருக்கு. இது பரம்பரையா ரத்தத்துல வர்றதான்னு ஒரு சோதனை பண்ணிப் பார்த்துடலாம். அப்படி இருந்தா, அது பொண்ணுக்கும் இறங்கியிருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. முடிவு வர நாலு வாரம் ஆகும்.”

தன் நோயைக் கேட்டபோது அசையாமல் இருந்த அக்கா, இதைக் கேட்டதும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து மாமா என்னைக் கடைக்கு வரச் சொன்னார். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஆளுக்கு மாற்றுச் சாவி அறுத்துக்கொண்டிருந்தார். மெஷின் கிறீச்சிட்டு நின்றது, சாவியை ஊதி, அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, வந்தவரிடம் கொடுத்து அனுப்பினார். அப்புறம் கை துடைக்கிற துணியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“அந்த டாக்டர் தொடரச் சொல்லலை” என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை.

“அஞ்சு வருஷம் முடிஞ்ச அன்னிக்கு. அவ திரைக்குப் பின்னால துணி மாத்திக்கிட்டு இருந்தா. நான் மட்டும்தான் டாக்டர் முன்னாடி இருந்தேன். ‘மாத்திரை போதும், இன்னையோட நிறுத்திடலாம்’னாரு. ‘நிறுத்தினா திரும்ப வராதே?’ன்னு கேட்டேன். ‘வராதுன்னு யாராலயும் எழுதிக் குடுக்க முடியாது’ன்னாரு. அவ்வளவுதான். வெளிய வந்ததும் இவ கேட்டா, ‘என்ன சொன்னாரு?’ன்னு. தொடர்ந்து சாப்பிடச் சொன்னாருன்னுட்டேன்.”

“ஏன் மாமா?”

“அஞ்சு வருஷம் ஒண்ணும் வரலையே. நல்லா பூட்டியிருக்கற பூட்டை எவனாவது கழட்டுவானா? நீயே சொல்லு. அதைச் சாப்பிடற வரைக்கும் உள்ள எதுவும் நுழையாதுன்னு நெனச்சேன். மருந்துக்கடைக்காரர் அதோ, பக்கத்துக் கடை. பழைய சீட்டைக் காட்டினா குடுத்துடுவாரு. அவர் கடைப் பூட்டே நான் போட்டதுதான்.”

எனக்குக் கோபம் வந்தது. ரோலர் பக்கத்தில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு அவள் வெந்தது கண்முன் வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துத் திட்ட வாய் வரவில்லை. நான்கு நாளாகச் சவரம் செய்யாத முகம்.

“நேத்து தனியாப் போய் டாக்டரம்மாகிட்ட உண்மையைச் சொன்னேன். நான்தான் காரணமான்னு கேட்டேன். ‘இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்’னாங்க. வயசு இருக்கு, சர்க்கரை இருக்கு, எடை இருக்கு, மாத்திரை இருக்கு, அவங்கம்மா வயித்துல இருந்தது என்னன்னு தெரியாது. இதெல்லாம் இருந்தும் வராதவங்க இருக்காங்களாம், ஒண்ணுமே இல்லாம வந்தவங்களும் இருக்காங்களாம். எது செஞ்சுதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாதாம். ஒரு பூட்டு உடைஞ்சு வந்தா எதை வெச்சு உடைச்சான்னு பார்த்தவுடனே நான் சொல்லுவேன். இவ்வளவு படிச்சவங்க, சொல்ல முடியாதுங்கறாங்க.”

மழை கொஞ்சம் ஓய்ந்தது. பஸ் ஒன்று சேற்றை வாரி அடித்துவிட்டுப் போனது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அந்த ரத்தச் சோதனையில, பரம்பரைன்னு வந்தா நான் தப்பிச்சேன். மாத்திரை மேல பழி இல்ல. ஆனா பாப்பா மாட்டிக்குவா. பரம்பரை இல்லன்னு வந்தா பாப்பா தப்பிச்சா. அப்போ நான்தான்.”

“மாமா, அது அப்படிக் கணக்கு இல்ல. டாக்டரம்மாதான் சொன்னாங்களே...”

“நானாவே இருக்கணும். காலையில எந்திரிச்சதுலேர்ந்து அதைத்தான் வேண்டிக்கிட்டு இருக்கேன். நானாவே இருந்துட்டுப் போறேன். பாப்பா வேண்டாம்.”

எட்டு மாதம் என்ற சொல் என் நாக்கின் நுனியில் நின்றது. மாமா, நீங்கள் மட்டும் இல்லை, அவளும் மறைத்தாள், நானும் மறைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். சத்தியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிஜத்தில் பயம். டீ வாங்கிக் கொடுத்தார், குடித்துவிட்டு நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனேன்.

அந்த நாலு வாரமும் அக்கா வேலைக்கு வந்தாள். சர்க்கரை இறங்குவதற்குக் காலையிலும் மாலையிலும் ஊசி. மேனேஜர் லீவு எடுக்கச் சொன்னார். “வீட்டுல இருந்தா அந்த மனுஷன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு உக்காரணும். கறையே பரவாயில்ல” என்று சொல்லிவிட்டாள். நின்று செய்யும் வேலை வேண்டாம் என்று ரோலர் முனையில் அவளுக்கு ஒரு முக்காலி போட்டேன். உட்கார்ந்தபடியே துவாலை மடித்தாள். மத்தியானத்தில் அவித்த முட்டையும் வெள்ளரிக்காயும் சாப்பிட்டாள். என் டப்பாவில் இருக்கும் உருளைக்கிழங்கை ஏக்கமாகப் பார்ப்பாள். ஒரு துண்டு எடுத்துக்கோ என்றால் எடுக்கமாட்டாள். சர்க்கரை இறங்காவிட்டால் ஆபரேஷன் தள்ளிப்போகும் என்ற பயம்.

ஒரு நாள் துவாலை அடுக்கிக்கொண்டே சொன்னாள். “பாப்பா காலையில குளிக்கப் போனா அரைமணி நேரம் வெளிய வரமாட்டேங்கறா. தண்ணி விழற சத்தமே கேக்கறதில்ல. உள்ள என்ன பண்றான்னு எனக்குத் தெரியும். ஒன்பது வருஷமா நானும் அதைத்தானே பண்றேன், விரலால மார்பை அமுக்கி அமுக்கி.”

“ஒண்ணும் இருக்காதுக்கா.”

“எனக்கு வந்தது வந்துட்டுப் போகட்டும். நான் அவளுக்கு நகை நட்டுன்னு ஒண்ணும் சேர்க்கலை. இதைக் குடுத்துட்டுப் போகக்கூடாது. அவ்வளவுதான் நான் கேக்கறது.”

ஐந்தாவது வாரத் திங்கட்கிழமை, ரோலர் ஓடிக்கொண்டிருந்தபோது கூடத்து வாசலில் மாமா வந்து நின்றார். பதினொரு வருஷத்தில் அவர் உள்ளே வந்ததே இல்லை. மழையில் தொப்பலாக நனைந்திருந்தார். சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணிலிருந்து தண்ணீரும் வந்துகொண்டிருந்தது. நான் ரோலரை நிறுத்தினேன்.

“ஆஸ்பத்திரியிலேர்ந்து கூப்பிட்டிருந்தாங்க. போய்ட்டு நேரா இங்க வரேன். ரத்தத்துல ஒண்ணும் இல்ல. அவங்க தேடின எதுவும் இல்லையாம். பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல.”

அக்கா முக்காலியிலிருந்து எழுந்தாள். “நல்லாக் கேட்டீங்களா? பாப்பாவுக்கு இறங்கலைன்னு?”

“ரெண்டு தடவை கேட்டேன். உன்கிட்ட இல்லாதது அவளுக்கு எங்கேர்ந்து இறங்கும்னாங்க. எதுக்கும் வருஷா வருஷம் ஒரு தரம் காட்டிக்கிட்டு இருக்கணும், அவ்வளவுதான்.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நான்தான்மா. நல்லவேளை, நான்தான்.”

“என்ன நீங்கதான்?”

நான் தலையை ஆட்டி வேண்டாம் என்று சைகை செய்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சுற்றி நின்றவர்களையும் பார்க்கவில்லை. நல்ல செய்தி சொல்கிற வேகத்திலேயே மிச்சத்தையும் சொன்னார். ஐந்தாவது வருஷம், திரைக்குப் பின்னால் அவள், போதும் என்ற டாக்டர், தொடரச் சொன்னார் என்ற பொய், பக்கத்து மருந்துக்கடை. சொல்லி முடித்துவிட்டு, சுமை இறக்கியவர் மாதிரி மூச்சு வாங்கினார்.

அக்கா கையிலிருந்த துவாலையை மடித்து அடுக்கில் வைத்தாள். பிறகு அவள் கேட்டது நோயைப் பற்றி இல்லை.

“நாலு வருஷமா?”

“ஆமா.”

“அந்த வேக்காடு வேண்டாத வேக்காடா? இந்த ரோலர் பக்கத்துல நின்னுக்கிட்டு, தினம் தினம், நாலு வருஷம். எப்போ நிறுத்துவாங்கன்னு நான் உங்களைக் கேட்டுக்கிட்டே இருந்தேனே. டாக்டர் இன்னும் சாப்பிடச் சொல்றாருன்னு என் மூஞ்சியப் பார்த்துச் சொன்னீங்களே.”

“பயம்மா. நீ போயிடுவியோன்னு பயம்.”

“என்கிட்ட கேட்டிருக்கலாம். என் உடம்புதானே.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“வியாழக்கிழமை ஆபரேஷனுக்கு நீங்க வர வேண்டாம். பாப்பா வருவா, இவ வருவா. நீங்க கடையைத் திறங்க.”

“நான் வராம எப்படி...”

“வேண்டாம்.”

அவர் சரி என்றார். போகும்போதுகூட, வாசலில் திரும்பி, “பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல, அது காதுல விழுந்துதுல்ல?” என்று கேட்டார்.

“விழுந்துது” என்றாள்.

அவர் போனதும் அவள் முக்காலியில் உட்கார்ந்து அழுதாள். பாப்பாவுக்காக அழுகிறாளா, அவர்மேல் உள்ள கோபத்தில் அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது. நான் பக்கத்தில் குந்தினேன்.

“அக்கா, மனசைத் தொட்டுச் சொல்லு. நீயும் எட்டு மாசம் மறைச்சே. மொத்தப் பழியையும் அவர் தூக்கிக்கிட்டுப் போறாரு. இது நியாயமா?”

“நியாயம் இல்லதான்.”

“அப்போ சொல்லிடு. இல்லன்னா நான் சொல்றேன்.”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் நுனியெல்லாம் கறைமருந்து தின்று வெளுத்து, ரேகையே இல்லாமல் வழவழவென்று இருந்தது.

“சொல்லாதேடி. சொன்னா பாதியை என்கிட்ட குடுத்துடுவாருன்னா நெனைக்கற? அவ ஏன் மறைச்சா, நான் பயந்தாங்கொள்ளின்னுதானே மறைச்சான்னு அதையும் எடுத்துத் தன் தலையில போட்டுக்குவாரு. அந்த மனுஷன்கூட முப்பது வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். இதோட இருக்கட்டும்.”

வியாழக்கிழமை அவர் உள்ளே வரவில்லை. ஆஸ்பத்திரி எதிரே பஸ் நிற்கிற இடத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றார் என்று பாப்பா சொன்னாள். நினைத்ததைவிட வெளியே பரவியிருக்கிறது, இன்னும் ஆறேழு மாதம் முன்னாடி வந்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும் என்று டாக்டரம்மா நடைவழியில் எங்களிடம் சொன்னாள். அதற்கும் முன்னாலேயே நான் தொட்டி ஓரத்தில் நின்று சிரித்திருந்தேன். அந்த வாக்கியத்தை மாமாவிடம் சொல்ல வேண்டாம் என்று பாப்பாவைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

நான்காம் நாள் அக்காவே அவரை வரச் சொல்லி ஆள் அனுப்பினாள். அதன்பின் பதினாலு மாதம் இருந்தாள். கடைசி மாதங்களில் அவர்தான் துணி மாற்றினார், அவர்தான் துவைத்தார். சுடுதண்ணீரில் போட்டுவிட்டு, கறை போகவில்லையே என்று அவளிடம் வந்து நிற்பாராம். படுத்தபடியே திட்டுவாளாம்.

அவள் போய் மூன்று வருஷம் ஆகிறது. ரோலரில் இப்போது எதிரே வேறு ஒருத்தி நிற்கிறாள், நல்ல பெண், முனையைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டாள். சாவிக்கடையில் யாராவது விசாரித்தால் மாமா ஒளிக்காமல் சொல்கிறார். “மாத்திரையில போனா. நான்தான் குடுத்தேன். பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல.” கேட்டவர்கள் சாவியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

போன வாரம் என் அலமாரிச் சாவி தொலைந்து, வேறு செய்துகொள்ளப் போனேன். மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“நீ அவகூடவே இருந்தவ. ஒண்ணு சொல்லு. அஞ்சு வருஷத்துல நான் நிறுத்தியிருந்தா இன்னிக்கு அவ இருந்திருப்பா இல்ல?”

மார்பில் மறுபடி வந்திருக்கலாம். கர்ப்பப்பை மாத்திரை இல்லாமலேயே கெட்டிருக்கலாம். எட்டு மாதத்தில் முதல் மாதமே நான் அவள் கையைப் பிடித்து இழுத்துப் போயிருக்கலாம். எல்லாம் தொண்டை வரை வந்தது.

“தெரியல மாமா” என்றேன். அது பொய் இல்லை.

“எனக்குத் தெரியும்” என்றார் அவர்.